முதல் பக்கம், நான்காவது பாட்டு

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. நார்மன் குவளையில் பாலை முதலில் ஊற்றினார், வேண்டுமென்றேதான். இந்த இடத்தில் டோரீன் ஒரு வசனம் சொல்வாள். "பாலை முதல்ல ஊத்தாதன்னு எத்தனை... தடவைதான் சொல்றது நார்மன்." கல்யாணமான புதிதில் தொடங்கியது, ஒரு எழுத்து மாறாமல் அதே வசனம். 'எத்தனை'க்கும் 'தடவை'க்கும் நடுவில், உலகத்தில் யாரும் மூச்சு வாங்காத இடத்தில், அவள் மூச்சு வாங்குவாள். கோபம் வந்துவிட்டால் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க அவள் மூச்சுக்குப் பொறுமை கிடையாது. அந்த வசனத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வது சில மாதங்களாக அவருக்குப் பழக்கமாகியிருந்தது. அன்றைக்கும் ஓட்டினார். வார்த்தைகள் வந்தன. நடுவில் அந்த நிறுத்தமும் வந்தது. குரல் மட்டும் காலையில் ரேடியோவில் கடல் நிலவரம் வாசிக்கிற பெண்ணின் குரலாக இருந்தது.

பால் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். தூக்கக் கலக்கம் என்று நினைத்து வேறு வசனங்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். வாசலில் அவருடைய பூட்ஸைப் பார்த்தால் சொல்வது, மழை வரும்போது மாடியிலிருந்து கத்துவது, சண்டை முடிந்து சமாதானத்துக்கு வரும்போது "சரி, விடு" என்பது. எல்லாம் எழுதி வைத்தது மாதிரி வரிசையாக வந்தன. ஒன்றுகூட டோரீனின் குரலில் வரவில்லை. ஒன்று அவருடைய அக்காவின் குரலில் வந்தது. இன்னொன்று யாருடைய குரலிலும் வரவில்லை. ஒரு மனிதன் பெண்டாட்டியின் குரலை ஐந்தாறு மாதத்தில் மறந்துவிட முடியுமா? அதுவும் அவள் அடுத்த அறையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது?

ஈஸ்டருக்கு முந்தின வாரம், புற்றுநோய் என்று டோரீனின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்று டாக்டர் அவ்வளவு பச்சையாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அதுதான். இப்போது கழுத்தின் அடியில், சட்டையின் மேல் பொத்தான் வரும் இடத்தில், ஒரு துளை. மூச்சு இனி சாகும்வரை அந்த வழியாகத்தான். அதன்மேல் குழந்தைக்குக் கட்டுவது போல ஒரு சின்னத் துணி தொங்கும். சூடான தேநீரை ஊத முடியாது. ரொட்டி கருகினால் மூக்குக்குத் தெரியாது. இருமல் வந்தால் கை வாய்க்குப் போகும், பாதியில் ஞாபகம் வந்து கழுத்துக்கு இறங்கும். பேசுவதற்காகக் கழுத்தில் வைத்து அழுத்தும் ஒரு கருவி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சியோபன் என்ற நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். டோரீன் அதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். "நார்மன்." சவரம் செய்யும் மெஷினுக்கு வாய் முளைத்து அவர் பெயரைக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. நார்மன் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். அவளோ அந்த முகத்தை இத்தனை வருடமாகப் படித்து வருகிறவள். கருவியை உறைக்குள் போட்டு மூடினாள். வீட்டுக்கு வந்ததும் அது சமையலறை இழுப்பறையில், பாத்திரம் துடைக்கும் துணிகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எழுத்துப் பலகைதான். பொம்மைக் கடையில் வாங்கியது, தாளைத் தூக்கினால் எழுதியது அழிந்துவிடும். முதலில் பக்கம் பக்கமாக எழுதினாள். பிறகு வரி வரியாக. கோடை முடிந்து, அவர்கள் ஊரான பிரிட்லிங்டனின் கடற்கரையிலிருந்து சுற்றுலாக்காரர்களெல்லாம் கிளம்பிப் போனபோது அவள் ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தைக்கு வந்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கூரையில் கடற்காகங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குரல் எங்காவது பதிவாகியிருக்க வேண்டுமே என்று அன்றைக்கு வீட்டையே கவிழ்த்துப் பார்த்தார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் யார் யாரைப் பதிவு செய்து வைப்பார்கள்? கேமராவைக் கண்டால் டோரீன் சமையலறைக்கு ஓடிவிடுவாள். போனில் "நாங்கள் வீட்டில் இல்லை" என்று சொல்வது நார்மனின் குரல். அண்ணன் மகள் ஒருத்தி பிறந்தநாள் கேக் வெட்டியதை எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் டோரீனின் வாய் அசைவது தெரிந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் சேர்ந்து பாடி அவளை மூழ்கடித்துவிட்டார்கள். போனைக் காதோடு ஒட்டவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். தடித்த மாமா ஒருவரின் குரல்தான் கேட்டது.

இத்தனைக்கும் அந்த வீட்டில் குரல்களுக்குப் பஞ்சமே இல்லை. முன்னறையில் ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள். பஸ் ஓட்டிய காலத்திலிருந்து நார்மன் சேர்த்தவை, எல்லாம் அந்தக் காலத்துப் பாடகர்களின் சிறந்த பாடல் தொகுப்புகள். தனித்தனி ஆல்பங்களைத் தேடிப் போகிற பெரிய ரசிகர்கள் தொகுப்பு என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். நார்மனுக்கு அதுதான் பிடிக்கும். இருபது வயதில் பாடியதற்குப் பக்கத்திலேயே ஐம்பது வயதில் பாடியது வரும். ஒரே பக்கத்துக்குள் ஒரு பெண் காதலித்து, கல்யாணம் செய்து, சலித்து, சிகரெட் பிடித்து, குரல் கீழிறங்கி, அதிலும் ஒரு அழகு கண்டுபிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் திரையைப் பாதி இழுத்துவிட்டு ஒன்றைப் போடுவார். டோரீன் பின்னல் வேலையோடு உட்காருவாள். கேக் ஒரு துண்டு, தேநீர் இரண்டு குவளை. எல்லாவற்றுக்கும் மேலே டெல்லா மார்ச்மண்ட். அவள் பாடினால் மூச்சு வாங்குவதே கேட்காது. எவ்வளவு நீளமான அடியானாலும் ஒரே இழுப்பு. "டெல்லாவுக்கு மீன் மாதிரி செவுள் இருக்கு" என்பது இசைத்தட்டு ரசிகர்கள் கூடுகிற கிளப்பில் பழைய நகைச்சுவை. அந்தக் கிளப்பில் நார்மனுக்கு 'ஊசி நார்மன்' என்று பெயர். அவரைத் திரும்பி நிற்க வைத்து யாராவது ஏதாவது தட்டில் எங்காவது ஊசியை வைப்பார்கள். முதல் வார்த்தை முடிவதற்குள் பாடுகிறவர் யார் என்று சொல்லிவிடுவார். தோற்றதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ஈஸ்டரிலிருந்து அவர் ஒரு தட்டைக்கூட எடுக்கவில்லை. குரல் போனவளின் எதிரில் எந்த முகத்தோடு ஒரு பெண்ணைப் பாடவிடுவது?

ரேடியோப் பெண்ணின் குரல் வந்த அன்று சாயங்காலம்தான் அவருக்கு சன்பீம் ஞாபகம் வந்தது. அது ஒரு மலிவு இசைத்தட்டுக் கம்பெனி, எப்போதோ மூடிவிட்டார்கள். பிரபலமானவர்களின் பாட்டை, பெயர் தெரியாத ஆட்களை வைத்து அவர்கள் மாதிரியே பாடவைத்து, தொகுப்பாகப் போட்டு, கடையில் சோப்புக்குப் பக்கத்தில் அடுக்கி விற்பார்கள். அட்டையில் பாடுகிறவர்கள் பெயர் இருக்காது, நீச்சலுடையில் ஒரு பெண் இருப்பாள். விவரம் தெரியாதவர்கள் அசல் என்று நினைத்து வாங்கிப் போவார்கள். "போலி மருந்து விக்கறவன்கூட ராத்திரி கொஞ்சம் புரண்டு படுப்பான்" என்று நார்மன் அவர்களைத் திட்டாத இடமில்லை. டோரீன் அவரைச் சந்திப்பதற்கு முன்னால் லண்டனில் ஒரு நிலவறை ஸ்டூடியோவில் அப்படி ஒரு தட்டுக்குப் பாடியிருக்கிறாள். இருவரும் பழகத் தொடங்கிய நாளில் துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்து மீனும் சிப்ஸும் தின்றுகொண்டு அதைச் சொன்னாள். "என்கிட்ட சொன்னது சரி, கிளப்ல யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார் நார்மன். இருவரும் சிரித்தார்கள். அப்படித்தான் அவர் ஞாபகம் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவே இல்லை.

சனிக்கிழமை சந்தைக் கூடத்துக்குப் போனார். அங்கே பழைய தட்டுகள் விற்கிற ட்ரெவர் ஐம்பது வயதுக்காரன். யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவான், வரி கேட்டு வந்த நகராட்சி அதிகாரியைக்கூட.

"சன்பீம் தட்டு ஏதாவது வச்சிருக்கியா ட்ரெவர்?"

ட்ரெவர் காதில் விரலை விட்டுக் குடைந்தான். "காது அடைச்சிருக்கு கண்ணு. என்ன கேட்டீங்க?"

"கேட்டுச்சு உனக்கு."

"கேட்டுச்சு. நீங்க இன்னொரு தடவை சொன்னா பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிடலாம்னு பாத்தேன். ஊசி நார்மன் வாயால சன்பீம்னு கேக்க யாருக்குக் கொடுத்து வச்சிருக்கு? போன வருஷம் ஒரு கிழவிகிட்ட அத வித்ததுக்கு என்னை நிக்க வச்சு என்னா திட்டு."

"ட்ரெவர்."

"என்ன, வீட்டுக் கதவு ஆடுதா? தட்டை அடியில முட்டுக் கொடுக்கவா?"

"அதுல டோரீன் பாடியிருக்கா."

ட்ரெவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தான். டோரீனுக்கு என்ன ஆயிற்று என்று அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. "அட்டை எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். மஞ்சள் நீச்சலுடை, கையில் பந்து, பின்னால் படுத்துக்கொள்ளும் நாற்காலி. டோரீன் அன்றைக்குத் துறைமுகத்துச் சுவரில் கடுப்போடு சொன்னது அவ்வளவுதான்.

அது கிடைக்கும்வரை நார்மன் இருந்த இருப்பை இருப்பு என்று சொல்ல முடியாது. மழையில் திறந்தவெளிச் சந்தைகளில் பழைய சாமான் விற்க வந்த கார்களின் பின்பெட்டிகளுக்குள் தலையை விட்டுத் தேடினார். தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கிற கடைகளில் மண்டியிட்டுக் கீழ் அடுக்கைத் துழாவினார். சன்பீம் தட்டுகள் கிடைக்காமல் இல்லை, மானாவாரியாகக் கிடைத்தன. சிவப்பு நீச்சலுடை, நீலம், பச்சை, ஒட்டகத்தின் மேல் ஒருத்தி. மஞ்சள் மட்டும் இல்லை. வீட்டில் இருக்கும்போது வேண்டுமென்றே டோரீனுக்குக் கோபம் வருகிற காரியங்களைச் செய்தார். பூட்ஸை நடு வழியில் விட்டார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். அவள் திட்டுவதற்கு வாயைத் திறக்கிற நொடியில் உள்ளே அந்தக் குரல் எழும்பிவிடாதா என்று ஒரு நப்பாசை. அவள் பூட்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் கடைசியில் ட்ரெவர் வீட்டுக்கே வந்தான். செய்தித்தாளில் சுற்றிய தட்டை, ஏதோ ஆபாசப் புத்தகம் கொடுக்கிறவன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக் கொடுத்தான். "ஹல் டவுன்ல ஒரு செத்தவர் வீட்டுச் சாமான்ல இருந்துச்சு. கீறல் கொஞ்சம் இருக்கு." பணத்தை எடுத்தபோது கையைத் தள்ளிவிட்டுப் படியிறங்கினான்.

டோரீன் மதியத்தில் மாடியில் படுப்பாள். நார்மன் முன்னறைக் கதவைச் சாத்திவிட்டுத் தட்டைத் துடைத்தார். சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, காதை அதன் துணியோடு ஒட்டினார். ஆண் குரல்களும் பெண் குரல்களும் மாறி மாறி வந்தன. முதல் பெண், நடிக்கிறாள் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. டோரீன் இல்லை. நான்காவது பாட்டு டெல்லாவின் கலங்கரை விளக்கப் பாட்டு. முதல் அடியிலேயே நார்மனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இது டெல்லா மாதிரி பாடுவது இல்லை, இது டெல்லாவேதான். நடித்துக் காட்ட ஆள் கிடைக்காமல் அசலையே திருடி ஒட்டிவிட்டிருக்கிறார்கள், அயோக்கியப் பயல்கள். தொண்டையின் அடியிலிருந்து வருகிற அந்தக் கரகரப்பு வேறு யாருக்கு உண்டு? பாதியிலேயே ஊசியைத் தூக்கிவிட்டார். கிளப்பில் தோற்காதவரின் காது சொன்னால் அதற்கு மேல் விசாரணை இல்லை.

தட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாவது பாட்டு. ஒரு பெண், லேசாக மூக்கில் ஒலிக்கும் குரல், அடிகளின் முடிவில் கொஞ்சம் சிரிப்புப் போல. கேட்டதும் நார்மனின் முதுகு நிமிர்ந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும். இருக்கிறது, இருக்கிறது, இதோ 'சரி, விடு' என்று சொல்லும்போது வருகிற அந்தக் குழைவு. இவள்தான். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கித் தரைவிரிப்பில் விழுந்தது. மாடியில் படுத்திருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அந்தப் பாட்டுத்தான். காலையில் பாலை முதலில் ஊற்றினால் உள்ளே வசனம் தெளிவாக வந்தது, குரலோடு வந்தது. பூட்ஸ் வசனம் வந்தது. மழை வசனம் வந்தது. நார்மன் சீட்டியடித்துக்கொண்டு துணி உலர்த்தினார். பூட்ஸை ஒழுங்காக அலமாரியில் வைத்தார். டோரீன் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஒரு நாள் பலகையில், "என்ன, எவகூடயாவது சுத்தறியா?" என்று எழுதிக் காட்டினாள். அந்த வாரத்திலேயே அதுதான் நீளமான வாக்கியம். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. குரல் திரும்பி வந்துவிட்டது, அவளும் எழுதத் தொடங்கிவிட்டாள், இனிச் சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு திரையைப் பாதி இழுத்துவிட்டார். அவளை அவளுடைய நாற்காலியில் உட்காரவைத்தார். அட்டையைப் பார்த்ததும் டோரீனின் புருவம் ஏறியது. பந்தோடு நிற்கிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. கேளு" என்றார் நார்மன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

இரண்டாவது பக்கம், இரண்டாவது பாட்டு. நார்மன் பாட்டைக் கேட்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அடி முடியும்போது அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று நினைத்து எழுந்து பக்கத்தில் போனார். கழுத்துத் துணிக்கு அடியிலிருந்து விட்டு விட்டுக் காற்று சீறியது. அழவில்லை. அறுவைக்குப் பிறகு டோரீன் சிரிப்பது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை எடுத்து எழுதினாள்.

"பாம்."

"என்ன பாம்?"

"பாம் டக்கர். லீட்ஸ்காரி. எப்பவும் மூக்கடைப்பு."

நார்மன் அதை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பாட்டு போய்க்கொண்டிருந்தது. இப்போது கேட்டால் மூக்கடைப்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் டோரீனின் சிரிப்பு நின்றது. நார்மன் சமையலறைக்குப் போனார். கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று வசனத்தை ஓட்டிப் பார்த்தார். பாலை முதல்ல ஊத்தாதன்னு எத்தனை. பாம் டக்கர் சொன்னாள். பூட்ஸுக்கும் பாம் டக்கர்தான் வந்தாள். எங்கோ லீட்ஸில் கிழவியாகியிருக்கக்கூடிய, செத்தும் போயிருக்கக்கூடிய, அவர் ஒருபோதும் பார்த்திராத ஒருத்தி அவருடைய இத்தனை வருடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொரு சமாதானத்துக்கும் சளி பிடித்த குரலில் பேசினாள். முன்பு அந்த இடம் காலியாகவாவது இருந்தது. இப்போது அதையும் தானே கொண்டுபோய் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

டோரீன் வாசலில் வந்து நின்றாள்.

"எது நீ?" என்றார் நார்மன் திரும்பாமல். "எந்தப் பாட்டு? சொல்லு."

பலகையைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தாள். "வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அவள் தாளைத் தூக்கி அழித்துவிட்டு நிதானமாக எழுதினாள். "அதுல நான் இல்ல. இல்லாம இருக்கத்தான் கூலி குடுத்தான். நான் நல்லாவே இல்லாம இருந்தேன்."

"உன் கால்ல வேணா விழறேன் டோரீன். எதுன்னு சொல்லு."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போனாள். நார்மன் அவள் கையைப் பிடித்தார், கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்துவிட்டார்.

"உன் குரல் எனக்கு மறந்து போச்சு" என்றார். "ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்ல. நீ என்னெல்லாம் சொல்வேன்னு தெரியுது, எப்படிச் சொல்வேன்னு தெரியல. தேடித் தேடிப் பாக்கறேன், வரல. அதான் இதைத் தேடி நாய் மாதிரி அலைஞ்சேன். கிடைச்சுதுன்னு நினைச்சேன். இப்ப அந்த மூக்கடைச்சவ என்னைத் திட்டறா. நீ இருக்கும்போதே எனக்கு இப்படின்னா, நாளைக்கு..." அதற்கு மேல் முடிக்க அவருக்குத் தைரியம் இல்லை. "எவன் எவன் குரலையோ சொல்லத் தெரிஞ்சவனுக்கு உன்னைச் சொல்லத் தெரியல" என்றார்.

டோரீன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் பலகையை இழுத்து, கோணல் மாணலாக ஒரே வார்த்தை எழுதினாள்.

"எனக்கும்."

நார்மனுக்குப் புரியவில்லை. "உனக்கும் என்ன?"

"மறந்துடுச்சு" என்று அதற்குக் கீழே எழுதினாள். இடம் போதவில்லை, தாளைத் தூக்கினாள், மறுபடி எழுதினாள். "முன்னெல்லாம் மனசுக்குள்ள பேசினா என் குரல் கேக்கும். இப்ப கேக்கல. எழுத்துதான் வருது."

நார்மன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை மாதமும் அவள் ஜன்னலில் உட்கார்ந்து கடற்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தார். அவளும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்காவது சந்தை இருந்தது, ட்ரெவர் இருந்தான். அவள் தனக்குள்ளேயே அறை அறையாகப் போய்த் தேடி, ஒன்றும் கிடைக்காமல், ஒருவரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியை அவள் தோளில் வைத்தார். துணிக்குள் காற்று போய் வருகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து டோரீன் விலகி முன்னறைக்கு நடந்தாள். தட்டு முடிந்து ஊசி கடைசிப் பள்ளத்தில் டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நார்மனைத் தவிர யாரும் ஊசியைத் தொட்டதில்லை, தொட அவர் விட்டதில்லை. டோரீன் அதைத் தூக்கினாள். தட்டைத் திருப்பிப் போட்டாள். குனிந்து கோடுகளை எண்ணிப் பார்த்து, சத்தமே எழாமல் நான்காவதன் மேல் ஊசியை இறக்கினாள்.

டெல்லா மார்ச்மண்ட் பாடினாள்.

"இது டெல்லா" என்றார் நார்மன். "இது டெல்லாவேதானே."

டோரீன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நார்மன் ஒலிபெருக்கிக்கு முன்னால் மண்டியிட்டார். வாழ்நாளில் கேட்காத மாதிரி கேட்டார். அந்தக் கரகரப்பு டெல்லாவுடையது. வார்த்தையின் வாலை லேசாக மடித்து விடுவது டெல்லாவுடையது. ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பார்த்தும் டோரீனின் ஒரு நூல்கூட அதில் இல்லை. சொன்னாளே, நல்லாவே இல்லாமல் இருந்தாளாம். உண்மைதான். இருபத்திரண்டு வயதுப் பெண் தன்னை அவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தாள். முதல் சரணம் போயிற்று. வாத்தியங்கள் வந்து போயின. இரண்டாவது சரணமும் போனது. நார்மனின் கை தரைவிரிப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா, இதுவும் இல்லையா?

கடைசிச் சரணத்தில் அந்த நீளமான அடி வந்தது. டெல்லா ஒரே இழுப்பில் கொண்டுபோய்க் கரைசேர்க்கிற அடி, கிளப்பில் எல்லோரும் செவுள் என்று சிரிக்கிற அடி. பாதி தூரத்தில், இரண்டு வார்த்தைகள் கைகோத்திருக்கிற இடத்தில், யாரும் நிற்கக் கூடாத இடத்தில், பாட்டு ஒரு கணம் நின்றது. அவசரமாக, சின்னதாக, ஒரு மூச்சு.

அதே கணம் அவர் முதுகுக்குப் பின்னாலும் காற்று இழுக்கும் சத்தம் கேட்டது.

நார்மன் திரும்பினார். டோரீன் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பலகை கையில் தொங்கியது. பாட்டு முடிந்தது, அடுத்ததாக யாரோ ஒரு ஆண் பாடத் தொடங்கினான். நார்மன் கையை நீட்டி ஊசியைத் தூக்கினார். அத்தனை வருடம் பழகிய கை, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே, அந்த நீளமான அடி தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தது. இந்தத் தடவை அவர் தட்டைப் பார்க்கவில்லை, அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடி நீண்டுகொண்டே போனது. டோரீனின் உதடுகள் மூடித்தான் இருந்தன. துளைக்கு மேல் தொங்கிய துணி உள்ளே போய் ஒட்டியது. அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கியில் அந்த மூச்சு வந்தது.